அளவறிந்த விரல்கள்: பீட்டர் கிரீனின் இசையும் பொருள் துறப்பும்

ஆங்கில ராக் இசைக் கலைஞர் ஒருவரைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் கட்டுரை எதற்கு என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் வழக்கமாக நாலடியார், சிந்தாமணி என்று எழுதுகிறவன். ஆனால் நாலடியாரின் முதல் அதிகாரம் எது? செல்வம் நிலையாமை. அந்த ஒரு விஷயம் மனத்தை அரிக்க, 23 வயதில் புகழின் உச்சியிலிருந்து தானே இறங்கிப் போன ஒரு கிதார்க் கலைஞரைப் பற்றி எழுதுவது எனக்குத் தடம் மாறுவதாகத் தோன்றவில்லை.

அவர் பெயர் பீட்டர் கிரீன். 'ஃப்ளீட்வுட் மேக்' என்ற உலகப் புகழ்பெற்ற குழுவைத் தோற்றுவித்தவர். 2020 ஜூலை 25ஆம் நாள், 73ஆம் வயதில், இங்கிலாந்தின் கான்வி தீவில் உறக்கத்திலேயே காலமானார். அப்போது வந்த இரங்கல் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் மேதை, பிறகு போதை, பிறகு மனநோய். பணத்தை அள்ளிக் கொடுத்ததும் நோயின் முதல் அறிகுறி என்று இந்த வரிசையில் சேர்ந்துவிடுகிறது. காசு வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதுதான் உலக வழக்கு போலும். இக்கணிப்பு தவறு என்பதையும், அதற்கான சான்று அவருடைய இசையிலேயே இருக்கிறது என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரீன் 1946 அக்டோபர் 29ஆம் நாள் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பப் பெயர் கிரீன்பாம். பின்னர் அது சுருங்கி கிரீன் ஆயிற்று. சிறுபான்மைச் சமூகத்தில் பிறந்தவர்களுக்குப் பெயர் ஏன் சுருங்குகிறது என்று விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் படிப்பை விட்டதும் கொஞ்ச காலம் கசாப்புக் கடையில் வேலை பார்த்திருக்கிறார். சமணனாகிய எனக்கு இதை எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகிறது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்லணும் அல்லவா?

அவர் எடுத்துக்கொண்ட இசை ப்ளூஸ். அது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சொத்து. தெற்கின் பருத்தி வயல்களிலிருந்து சிகாகோ போன்ற ஆலை நகரங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் கூடவே எடுத்துச் சென்றது. பெரும்பாலும் பன்னிரண்டு தாளக் கட்டங்கள் கொண்ட ஒரு சின்ன வடிவம். பாடகர் ஒரு வரி பாடுவார், கிதார் அதற்குப் பதில் சொல்லும். அந்தப் பதிலில்தான் வித்துவத்துவம் தெரியும். 1960களில் லண்டன் இளைஞர்கள் இதை இசைத்தட்டுகளில் கேட்டுக் கேட்டே கற்றார்கள்.

அவர்களுக்கெல்லாம் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது ஜான் மேயாலின் 'ப்ளூஸ்பிரேக்கர்ஸ்' குழு. அதில் கிதார் வாசித்த எரிக் கிளாப்டனைக் கடவுள் என்று லண்டன் சுவர்களில் ரசிகர்கள் எழுதி வைத்த காலம் அது. 1966இல் கிளாப்டன் விலகியதும் அந்த நாற்காலியில் கிரீன் உட்கார்ந்தார். 20 வயதுகூட நிரம்பவில்லை. 1967இல் வெளியான 'எ ஹார்ட் ரோடு' இசைத்தட்டில் 'தி சூப்பர்நேச்சுரல்' என்று அவர் ஆக்கிய ஒரு வாத்திய இசை உண்டு. மற்றவர்கள் பத்து ஸ்வரம் வாசிக்கிற இடத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து, அது தானாகக் கரைகிற மட்டும் காத்திருக்கிறார். வேகம்தான் வித்தை என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது இந்தப் பையன் நின்றான். அமெரிக்க ப்ளூஸ் மேதை பி.பி. கிங், தம்மை உடல் சில்லிட வைத்தவர் கிரீன் என்று பின்னாளில் சொன்னது பிரசித்தம்.

அவருடைய கிதாரின் ஒலிக்குப் பின்னால் ஒரு கருவி நுட்பமும் உண்டு. மின்கிதாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது 'பிக்கப்' எனப்படும் காந்தச் சுருள். கிரீனின் 1959ஆம் வருடத்திய கிப்ஸன் லெஸ்பால் கிதாரில் இரண்டு சுருள்கள். அதில் ஒன்றின் காந்தம் தலைகீழாக அமைந்திருந்தது. இரண்டையும் சேர்த்து இயக்கினால் ஒன்றின் ஒலியிலிருந்து மற்றது ஒரு பகுதியைக் கழித்துவிடும். கனம் வற்றி, மூக்கால் பாடுவது போன்ற ஒரு மெலிந்த ஒலி மிஞ்சும். கூட்டலில் பிறக்காமல் கழித்தலில் பிறந்த ஒலி! அவர் மனப்போக்குக்கு அது எப்படிப் பொருந்திப் போயிற்று என்று பலமுறை வியந்திருக்கிறேன்.

1967இல் சொந்தக் குழு தொடங்கினார். எனக்கு மும்பையில் காகித மொத்த வியாபாரம். கடைப் பலகையில் யார் பெயரை முதலில் போடுவது என்ற சண்டையில் உடைந்துபோன கூட்டு வியாபாரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிரீன் என்ன செய்தார் தெரியுமா? முரசு வாசிப்பவர் மிக் ஃப்ளீட்வுட், பாஸ் கிதார் வாசிக்க வேண்டியவர் ஜான் மெக்வீ. இருவர் பெயரையும் ஒட்டி 'ஃப்ளீட்வுட் மேக்' என்று பெயர் வைத்தார். மெக்வீ அப்போது குழுவில் சேரவே இல்லை! முன்னால் நின்று பாடி, எழுதி, வாசிக்கிறவன் தான். பெயரோ பின்னால் தாளம் போடுகிறவர்களுக்கு. 1968இல் முதல் இசைத்தட்டு வெளியானபோது அட்டையில் 'பீட்டர் கிரீனின் ஃப்ளீட்வுட் மேக்' என்றே அச்சாயிற்று. ஒளிந்துகொள்ள விரும்பியவரை விளம்பரம் விடவில்லை.

இனி பாடல்கள். 'பிளாக் மேஜிக் வுமன்' 1968இல் அவர் எழுதியது. சிகாகோ கலைஞர் ஓடிஸ் ரஷ்ஷின் 'ஆல் யுவர் லவ்' பாடலின் சாயல் அதில் தெளிவாகவே தெரியும். முன்னோர் பொருளை எடுத்து வேறொன்று செய்வது எல்லா இலக்கிய மரபிலும் உள்ளதுதான். அதையே 1970இல் கார்லோஸ் சான்டானா தம் குழுவோடு பதிவு செய்து உலகமெங்கும் கொண்டு சேர்த்தார். பலர் அது சான்டானாவின் பாட்டு என்றே நினைத்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சான்டானாவினுடையது கல்யாண ஊர்வலம். தாளக் கருவிகள் குவிந்து, நீண்டு, பூரித்து வருகிறது. கிரீனினுடையதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் பயம் இருக்கிறது. மயக்குகிறவளைப் பற்றிய பாட்டில் பயம் இருக்க வேண்டாமா? என் ஓட்டு கிரீனுக்கே.

அதே ஆண்டின் இறுதியில் வந்தது 'ஆல்பட்ராஸ்'. பாட்டு வரிகளே கிடையாது. பெருங்கடலின் மேல் இறக்கையை அதிகம் அசைக்காமல் மிதக்கும் பறவையின் பெயர் அது. முரசை மெத்தென்ற தலை கொண்ட கோலால் அலை மாதிரி உருட்டுகிறார்கள். அதன்மேல் இரண்டு கிதார்கள் இணைந்து மெதுவாகப் போகின்றன. அவ்வளவுதான். உச்சம் என்று ஒன்று வருவதே இல்லை. இது 1969 ஜனவரியில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பீட்டில்ஸ் குழுவின் 'சன் கிங்' பாட்டுக்கு இதுவே தூண்டுதல் என்று ஜார்ஜ் ஹாரிசன் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் இதை 1980களில் காலா கோடா ரிதம் ஹவுஸில் வாங்கிய ஒலிநாடாவில் கேட்டேன். கணக்குப் பேரேட்டை மூடிய பிறகு இரவில் கேட்பதற்கு இதைவிட உகந்தது எதுவும் எனக்குத் தெரியாது.

முதலிடம் என்றால் பணம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பாட்டு எழுதியவருக்கு அது எங்கே விற்றாலும், எந்த வானொலியில் ஒலித்தாலும் பங்கு வந்துகொண்டே இருக்கும். நம் வியாபாரத்தில் சரக்கு கைமாறினால் கணக்கு முடிந்தது. இதில் கணக்கு முடிவதே இல்லை. எழுதியவனே வேண்டாமென்று போனாலும் காசு பின்னாலேயே வரும். 1969 ஏப்ரலில் வெளியான 'மேன் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டில், எல்லாம் கிடைத்தும் இப்படிப் பிறந்திருக்கவே வேண்டாம் என்ற மனநிலை அமைதியான குரலில் வெளிப்படுகிறது. ரசிகர்கள் அதை ஒரு சோகப் பாட்டு என்று வாங்கிப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏற்றினார்கள். அந்த மனிதனுக்கு என்ன ஆயிற்று என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து 'தி கிரீன் மனலிஷி'. ஒரு பச்சை நாய் தன்னைப் பார்த்துக் குரைப்பதாகக் கனவு கண்டதாகவும், அந்தப் பச்சை பணத்தைக் குறிக்கிறது என்றும் கிரீனே விளக்கியிருக்கிறார். வழக்கமான கதை என்ன சொல்கிறது? 1970 மார்ச்சில் ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அருகே ஒரு விருந்தில் எல்.எஸ்.டி. என்னும் போதை மருந்தை உட்கொண்டார், அதோடு ஆள் மாறிவிட்டார், பணத்தை வெறுத்தார் என்கிறது. ஆனால் 1970 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இக்குழு வாசித்தது ஒலிப்பதிவாகி இன்று கிடைக்கிறது. அதில் அந்தப் பச்சை நாய்ப் பாட்டை நீளமாக வாசிக்கிறார்கள். மியூனிக் விருந்து நடந்தது அதற்கு அடுத்த மாதம்! பணத்தைப் பற்றிய கேள்வி முன்பே பாட்டாகி, மேடையும் ஏறிவிட்டது. போதை மருந்து ஏற்கெனவே இருந்த ரணத்தைக் கிளறியிருக்கலாம். அதன் கேட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கேள்வியைத் தந்தது அது இல்லை.

குழுவின் வருமானத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறார். அவர்கள் இணங்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. இருபது வயதில் முதன்முதலாகக் காசைக் கண்ட பிள்ளைகள். 1970 மே மாதம் கிரீன் விலகினார். தன் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தும் விட்டார். சில மாதங்களில் சான்டானாவின் இசைத்தட்டு வெளியாயிற்று. விட்டுவிட்டுப் போனவருக்கு மறுபடி பணம் வரத் தொடங்கியது.

எங்கள் சமண நெறியில் இல்லறத்தாருக்குரிய ஐந்து அணுவிரதங்களில் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. பொருள் வரைதல் என்றும் சொல்வதுண்டு. வரைதல் என்றால் எல்லை கட்டுதல். இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு தானியம் எனக்குப் போதும் என்று தானே கோடு போட்டுக்கொள்வது. முற்றத் துறப்பது முனிவர்க்குரியது. அதற்கு ஆசிரியர் உண்டு, சங்கம் உண்டு, படிப்படியான பயிற்சி உண்டு. கிரீன் ஒரு சமணரைச் சந்தித்தாரா, எங்கள் நூலைப் படித்தாரா என்பதல்ல இங்கே பேச்சு. இசையில் அவர் செய்தது வரைதல். இத்தனை ஸ்வரம் போதும் என்று கோடு போடத் தெரிந்த விரல்கள் அவை. பணத்தில் அந்தக் கோட்டைப் போட முயன்றார். சுற்றியிருந்த தொழில் அதற்கு இடம் தராதபோது, ஆசிரியரும் சங்கமும் இல்லாமல், ஒரே தாவலில் முற்றத் துறக்கப் பார்த்தார் என்பது என் வாசிப்பு.

இதை வைத்து அவரை முனிவராக்கிவிடக் கூடாது. அது இன்னொரு கொடுமை. அவருக்கு வந்தது ஸ்கிஸோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய். 1970களின் நடுவில் மருத்துவமனைகளில் இருந்தார். மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 1977 தொடக்கத்தில், பாட்டுக்கான பங்குப் பணம் தொடர்பான தகராறில், துப்பாக்கியைச் சொல்லி மிரட்டினார் என்று கைதானார். கொடுக்காததற்காக மிரட்டியவர்கள் உண்டு. கொடுக்காதே என்று மிரட்டியதாக இவர் கதை பரவியது. அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் தோற்றுவித்த குழு, அவர் இல்லாமல், 'ரூமர்ஸ்' இசைத்தட்டை வெளியிட்டது. அது நான்கு கோடிக்கு மேல் விற்றது. நோயாளிக்கு வேண்டியது மருந்தும் ஆதரவும். அதைத் துறவு என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்வது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. நோய் வேறு, நோய்க்கு முன்பே இருந்த அறவுணர்வு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க விமர்சகனுக்குத் தெரிய வேணும்.

பிற்கால இசையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1979இல் வந்த 'இன் தி ஸ்கைஸ்' கேட்கத்தக்கது. அடுத்து வந்த இரண்டில் பாடல்களைப் பெரும்பாலும் அவர் அண்ணன் எழுதினார். அவை நல்ல பதிவுகள் என்று சொல்ல மனம் வரவில்லை. 1990களின் பிற்பகுதியில் 'ஸ்பிளின்டர் குரூப்' என்ற குழுவோடு திரும்பி வந்து, பழைய ப்ளூஸ் மேதை ராபர்ட் ஜான்சனின் பாடல்களை இரண்டு இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். விரலில் பழைய உறுதி இல்லை. குரல் கரகரக்கிறது. ஆனால் இடைவெளி விடும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. 1998இல் நியூயார்க்கில் ராக் இசைக்கான பெருமன்றத்தில் ஃப்ளீட்வுட் மேக்கைச் சேர்த்துக் கௌரவித்தபோது, தன் பழைய குழுவோடு அவர் வாசிக்கவில்லை; சான்டானாவோடு சேர்ந்து 'பிளாக் மேஜிக் வுமன்' வாசித்தார்.

அந்தக் கிதாரை 1970களின் தொடக்கத்திலேயே கேரி மூர் என்ற அயர்லாந்து இளைஞருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். லாபம் பார்க்கவில்லை. மூர் 1995இல் 'ப்ளூஸ் ஃபார் கிரீனி' என்ற இசைத்தட்டையே குருகாணிக்கையாக வெளியிட்டார். 2006இல் மூர் அதை விற்க நேர்ந்தது. 2014இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹம்மெட் பெரும் தொகை கொடுத்து வாங்கினார். 2020 பிப்ரவரியில் லண்டன் பலேடியம் அரங்கில் மிக் ஃப்ளீட்வுட் கிரீனுக்காக நடத்திய பாராட்டு விழாவில் ஹம்மெட் அதை வாசித்தார்.

கேட்க விரும்பும் அன்பர்கள் 'ஆல்பட்ராஸ்' என்று தொடங்கலாம். வீட்டில் யாரும் சத்தம் என்று முகம் சுளிக்க மாட்டார்கள். அடுத்து 'லவ் தட் பர்ன்ஸ்', 'மேன் ஆஃப் தி வேர்ல்ட்'. பாஸ்டன் பதிவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தனியாக இருக்கும்போது. பச்சை நாய் வருகிற இடத்தில் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.