கெமரியாவின் அறை

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, 1994 அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் தீர்ப்பாகும். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டது. உயர் அதிகாரிகள் சிலருடன் அவனுக்கிருந்த தொடர்புகளை அது கூறியது. சிறைத்துறை ஐ.ஜி., அது பொய்யென்றும் வெளியிட்டால் சட்ட நடவடிக்கை வருமென்றும் இதழுக்கு எழுதினார். வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமையில்லை, அவதூறென்று கருதுவோர் வெளியான பின்னரே வழக்காடலாம் என்று நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் சுஹாஸ் சென்னும் தீர்ப்பளித்தனர்.

ஆனாலும் நெருக்கடி ஓயவில்லை. 2018 அக்டோபரில், ஆளுநர் மாளிகையின் புகாரின்பேரில் ஆசிரியர் கோபால் சென்னை விமான நிலையத்தில் கைதானார். எழும்பூர் நீதித்துறை நடுவர் அவரைச் சிறைக்காவலுக்கு அனுப்ப மறுத்தார். நக்கீரனின் பரபரப்பு நடை நமக்கு உவப்பானதன்று. ஆயினும் அதை வைத்து அதன் துணிவை எடைபோடுதல் நேர்மையாகாது.

தீர்ப்பைப் பற்றிய நம் குறை வேறு. எரேமியா 36இல் யோயாக்கீம் அரசன் சுருளை அறுத்துக் கணப்பில் இடுகிறான். அந்த அரசனின் கத்தியைத்தான் தீர்ப்பு தடுக்கிறது. சுருள் எழுதப்படுமுன் நேரும் தடையைப் பற்றி அது பேசவில்லை.

ஸ்ரீபெரும்புதூரை நோக்குக. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் என்னவானார்கள் என்று அறிய முடியாதவர்கள், சிலர் இறந்தனர் என்ற வதந்தியை நம்பிச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். வதந்தி பொய்; விடுதியின் அவலமோ மெய். தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றவையல்ல என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. அதை முன்னரே விசாரித்து எழுதும் ஏடு ஒன்று அங்கே வேரூன்றியிருந்தால், வதந்திக்கு அத்தனை பேர் செவிசாய்த்திருப்பார்களா?

பொது ஆவணத்தில் உள்ளதை எவரும் வெளியிடலாம் என்கிறது தீர்ப்பு; அதற்கு அப்பால் தனிமனித அந்தரங்கத்தைக் காக்கிறது. தொழிலாளப் பெண்ணின் பெயரைக் காக்க இவ்வரம்பு வேண்டியதே. ஆனால் ஒப்பந்தக்காரரின் விடுதிச் சமையலறை எந்தப் பொது ஆவணத்தில் இருக்கிறது? அங்கே உண்டவளின் சாட்சியே ஆவணம். அவள் பேசினால் வேலை போகும். இந்நிலையில் அரசு தடையாணை பிறப்பிக்கவும் வேண்டியதில்லை.

எரேமியா 36இல் நாம் விரைந்து கடந்துவிடும் வசனம் ஒன்றுண்டு. எரேமியா ஆலயத்துள் நுழையத் தடை இருந்தது. பாருக்கு சுருளை வாசித்தது, ஆலய மேற்பிராகாரத்தில் இருந்த கெமரியாவின் அறையில். அவன் சம்பிரதியான சாப்பானின் மகன், அரசவையைச் சேர்ந்தவன். பின்னர், சுருளை எரிக்க வேண்டாமென அரசனிடம் மன்றாடிய மூவரில் அவனும் ஒருவன். உரையாசிரியர்கள் எரேமியாவின் துணிவைப் போற்றும் அளவுக்கு இந்த அறையைக் கவனிப்பதில்லை.

ஒரகடம் வட்டாரச் சபைகளில் மேலாளரும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே ஆராதனையில் அமர்கின்றனர். விடுதி நிலையைச் சொல்ல வரும் பெண்ணுக்கும், அதைக் கேட்டெழுத வரும் செய்தியாளருக்கும், ஞாயிறு மாலையில் ஓய்வுநாள் பள்ளி அறையைத் திறந்துவிட எத்தனை குருசேகரங்கள் இசையும்? சபைக் குழுவில் இக்கேள்வி எழுந்தால், பெருங்காணிக்கை தருவோர் மனம் வருந்துமே என்பதே முதல் மறுப்பாக வரும் என எதிர்பார்க்கிறோம்.