வேற்றினக் காதலும் கேளாச் செவியும்

பெருமாநல்லூரில் பனியன் நிறுவனமொன்றின் கட்டிங் பிரிவில் பணியாற்றும் நம் சபை வாலிபர் ஒருவர், ஞாயிறு மாலைக் கூடுகை முடிந்தபின் நம்மிடம் வந்து, “ஐயா, நான் ஒருத்தர்கிட்டப் பேசாம விட்டதனால அவர் செத்துப் போயிட்டாருங்க” என்றார். திடுக்கிட்டு விசாரித்தோம். இறந்தவர் ஒரு கணினி விளையாட்டில் வரும் விமானி என்று தெரிந்தது. சிரிக்க எண்ணிய நாம் அவர் முகத்தைக் கண்டு சிரிக்கவில்லை.

மாஸ் எஃபெக்ட் என்பது அவ்விளையாட்டின் பெயர். கனடாவைச் சார்ந்த பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இதனை மூன்று பாகங்களாக வெளியிட்டது; 2021இல் அவை மூன்றும் புதுப்பிக்கப்பட்டு ஒருங்கே வந்தன. ஆடுபவர் ஷெப்பர்ட் என்னும் விண்கலத் தலைவராக, ஆணாகவோ பெண்ணாகவோ, பாத்திரமேற்கிறார். போர்களுக்கிடையே கலத்திலுள்ள தோழர்களோடு உரையாடுகிறார். திரையில் தோன்றும் விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே பேசவேண்டும். அவ்வுரையாடல் நட்பாகும், சிலரிடத்தில் காதலாகவும் கனியும். அச்சிலருள் மனிதரும் உளர், வேற்றுக் கோள்களின் இனத்தாரும் உளர். இத்தகைய ஆட்டங்களைக் கண்ணால் காணாமலே மேடையிலிருந்து தீர்ப்புரைப்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அப்பிழையைத் தவிர்க்கவேண்டி அவ்வாலிபரின் வாடகை அறையில் பல மாலைகள் அமர்ந்து நாமும் ஆடிப்பார்த்தோம். குறிபார்த்துச் சுடுதல் மட்டும் நமக்கு இறுதிவரை கைவரவில்லை.

முதற் பாகத்தில் லியாரா என்னும் அசாரி இனத்தாளை ஆண் ஷெப்பர்டும் காதலிக்கலாம், பெண் ஷெப்பர்டும் காதலிக்கலாம். அசாரி இனத்தில் பால் ஒன்றே என்பது கதை. ஆகவே லியாரா பெண்ணல்லள் என்று வாதிட இடமுண்டு. ஆனால் வரைந்தவர் கை அவளை அங்கமெங்கும் பெண்ணாகவே வரைந்திருக்கிறது. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில், 2007 நவம்பரில், பெண் ஷெப்பர்டும் லியாராவும் கூடும் காட்சியின் பொருட்டு அரசின் ஊடக வளர்ச்சி ஆணையம் இவ்விளையாட்டைத் தடைசெய்தது. சில நாள்களுக்குள் 18 வயது நிரம்பியோர்க்கு என்னும் வரையறையோடு அனுமதித்தது. அத்தடை தேவையற்றது என்பதே நம் கருத்து. எனினும் ஆணையத்தாரின் கண் ஏமாறவில்லை. அவர்கள் கண்டது இரு பெண்களை. வேற்றினம் என்பது இங்கே ஒரு திரை. அத்திரைக்குள்ளேதான் ஒருபாலார் காதல் அரங்கேற முடிந்தது. திரையின்றி ஆண் ஒருவன் ஆணை நேசிக்கும் வழி 2012 வரை இத்தொடரில் திறக்கவேயில்லை. அதற்கு முன்பே, 2010இல், பறவையை ஒத்த முகமுடைய டூரியன் இனத்துக் காரஸையும், முகமூடி அணிந்த குவேரியன் இனத்து டாலியையும் காதலிக்கலாயிற்று. மனிதக் கற்பனைக்கு அண்டை வீட்டானைவிட அயற்கோளான் எளியவனாயிருந்தான் என்பது நம்மை வியப்புக்குள்ளாக்குகிறது.

டாலியின் கதை ஊன்றி நோக்கத்தக்கது. அவள் இனத்தார்க்கு நோயெதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைவு. மூடிய கவச உடைக்குள்ளேயே வாழ்கின்றனர். காதலன் கையைத் தொடுவதுகூட நோயை வரவழைக்கும். அதை அறிந்தே அவள் துணிகிறாள். இந்த ஆட்டத்தில் வேற்றுமை வெறும் ஒப்பனையாக நில்லாமல் விலை கேட்பதாக அமைந்த இடம் இதுவே எனலாம். ஆனால் இரண்டு பாகங்களாக மறைந்திருந்த அவள் முகம் மூன்றாம் பாகத்தில் ஒரு நிழற்படத்தில் தெரிந்தபோது, அது விலைக்குக் கிடைக்கும் மனிதப் பெண்ணொருத்தியின் படத்தைத் திருத்தியதாக இருந்தது! ஆடியோர் பலர் குறைகூறினர். 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்படம் மாற்றப்பட்டது.

‘இனம்’ என்னும் சொல்லை நாம் இதுவரை அறிவியற் பொருளிலே வழங்கிவந்தோம். நம் கொங்கு நாட்டில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளுண்டு என்பதை வாசகர் அறிவர். நாகநாட்டு மங்கை பீலிவளையைச் சோழ மன்னன் காதலித்ததை மணிமேகலை கூறுகிறது. நாகர்மகள் உலூபியை அருச்சுனன் மணந்ததைப் பாரதம் கூறுகிறது. ஏட்டில் இவற்றை ஏற்ற மண்ணில்தான், 2016 மார்ச் 13 அன்று, நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்னும் மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். திருமுழுக்குப் பெற்ற குடும்பங்கள் நமக்கு எழுதும் வரன் தேடும் கடிதங்களிலும் ‘நம் இனத்தில்’ என்னும் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. அசாரிப் பெண்ணைக் கண்டு முகஞ்சுளிக்கும் மூப்பர்கள் அத்தொடரைக் கண்டு முகஞ்சுளிப்பதை நாம் கண்டதில்லை.

நாம் இவ்விளையாட்டில் காணும் பெருங்குறை, யார் யாரைக் காதலிக்கிறார் என்பதன்று; காதல் ஈட்டப்படும் விதமே. இனிய விடையைத் தெரிந்தெடுத்தால் நெருக்கம் ஒரு படி ஏறும். படிகள் நிறைந்தால், இறுதிப் போருக்கு முந்திய இரவில், கூடும் காட்சி பரிசாகக் கிட்டும். இறையியல் மாணவர்க்கு இது பழகிய கணக்கு. கிரியைகளால் அன்பைச் சம்பாதிக்கும் கணக்கு. காதலிக்கப்படுபவர் மறுக்கும் உரிமையற்ற பரிசுப்பொருளாகிவிடுகிறார். மூன்றாம் பாகம் இக்குறையை ஓரளவு களைந்துள்ளது. சமந்தா டிரெய்னர் என்னும் பெண், தன் மனம் பெண்களையே நாடுவதாகக் கூறி ஆண் ஷெப்பர்டை மறுத்துவிடுகிறாள். எத்தனை இனிய விடையும் அங்குச் செல்லாது. மறுக்கக் கூடியவளாதலின் அவள் ஆளாக நிற்கிறாள்.

இனி அந்த விமானிக்கு வருவோம். ஸ்டீவ் கார்ட்டெஸ் என்பது அவர் பெயர். பகைவர் தாக்குதலில் தம் கணவர் ராபர்ட்டை இழந்தவர். அவருடைய கடைசிக் குரற்பதிவைக் கலத்தின் கீழ்த்தளத்தில் தனித்திருந்து கேட்பவர். ஷெப்பர்ட் அவரிடம் சென்று பேசலாம்; பேசாமலும் கடந்து போகலாம். காதலிக்க வேண்டுவதில்லை, அருகிருந்து அவர் துக்கத்தைக் கேட்டாற் போதும். கேட்டவர்களின் ஆட்டத்தில், இலண்டனில் நிகழும் இறுதிப் போரில் விண்கலம் வீழ்த்தப்பட்டும் அவர் பிழைக்கிறார். கேளாதவர்களின் ஆட்டத்தில் இறக்கிறார். நம் வாலிபர், ‘என் கணவர்’ என்று ஓர் ஆண் சொன்னதைக் கேட்டதும் கூச்சமுற்று, அப்பக்கம் போவதையே விட்டுவிட்டாராம்.

2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் ஒருபால் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜூன் 7 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையோரின் நாட்டத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்து ஆணையிட்டார். அவ்வழக்கில் ஆணையைக் காட்டிலும் நம்மைத் தொட்டது வேறொன்று. தமக்கு இப்பொருளில் தெளிவில்லை, தம்முள்ளும் முற்சாய்வு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அந்நீதிபதி உளவியலார் ஒருவரை நாடி, அவர்முன் மாணவராக அமர்ந்து கற்றபின்பே ஆணை எழுதினார். குருத்துவப் பயிற்சியில் ஆலோசனைப் பணி பற்றிப் பாடம் நடத்தும் நாம் அவ்வாறு எவர்முன்னும் அமர்ந்ததில்லை.

பல ஆண்டுகளுக்குமுன் நம் போதகமனைக்கு ஓர் இளைஞர் வந்தார். தம் நண்பரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் எதை நோக்கிப் போகிறார் என்பது நமக்கு இரண்டாம் வாக்கியத்திலேயே புலப்பட்டது. உடனே அவர் தாயாரின் உடல்நலம் விசாரித்தோம், ஜெபித்தோம், வாசல்வரை சென்று வழியனுப்பினோம். நம் வாலிபர் ஆட்டத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆடி, இம்முறை கீழ்த்தளத்துக்கு இறங்கிச் சென்றுகொண்டிருக்கிறார். போதகமனைக்கு வந்த இளைஞர் திரும்பி வரவில்லை. அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் நாம் அறியோம்.