ஆடிப்பிறப்புப் பாட்டும் பழமை நினைவும்

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இயற்றியன பல. மரபுவழிப் புலமையின் பயனாகிய பெரிய பாட்டுக்களைக் கற்றோர் இன்று சிலரே. ‘ஆடிப்பிறப்பு’ என்னும் சிறுவர் பாட்டையோ, யாழ்ப்பாணத்திலே பாலர் வகுப்பிற் பயின்றோர் எளிதில் மறந்திலர். ‘தங்கத் தாத்தா’ என்று மக்கள் அவரை அழைத்தமைக்கும் இத்தகைய பாட்டுக்களே காரணம் எனலாம்.

இப்பாட்டைக் குறித்து அண்மைக் காலத்திலே ஒரு மதிப்பீடு வேரூன்றியுள்ளது. இஃது இழந்துபோன ஊர்வாழ்வை எண்ணி ஏங்கும் பாட்டு என்பர். பழமையைப் போற்றும் கட்டுரைகளின் முகப்பிலே இதனை வைப்பதும் வழக்கமாகிவிட்டது. பாட்டைப் பாட்டாகவே எடுத்து நோக்குமிடத்து இக்கூற்றுப் பொருந்துமாறு இல்லை.

பாட்டின் வினைகளை நோக்குக. அவற்றுட் பெரும்பாலன எதிர்காலத்தன. அன்னை அவிப்பாள், துழாவுவாள். பிள்ளைகள் படைப்பார்கள், குடிப்பார்கள், கடிப்பார்கள். நாளைக்குப் பள்ளிக்கூட விடுதலை என்ற மகிழ்ச்சியிலே ஒரு பிள்ளை தன் தோழருக்குச் சொல்லும் சொற்களே பாட்டு முழுவதும். இறந்த காலத்துக்கு இங்கே இடமில்லை. ‘எங்கள் காலத்திலே’ என்று தொடங்கும் உரிமை முதியவராகிய புலவர்க்கு இல்லாமலில்லை. அவ்வுரிமையை அவர் கொள்ளவில்லை. தம் முதுமையை ஒளித்துப் பிள்ளையின் நாவை வாங்கிக்கொண்டார். கும்மிச் சந்தத்துக்கு இயைந்த துள்ளல் நடையும் ஏக்கத்துக்கு உரியதன்று.

இனி, இப்பாட்டின் உயிர்நிலை அதன் பண்டங்களிலும் செய்முறையிலும் உள்ளது. பயற்றை வறுத்துக் குற்றுதல், அரிசியை இடித்துத் தெள்ளுதல், மாவைப் பதமாக வறுத்தல், குழைத்த மாவைக் கிள்ளித் தட்டி உள்ளீடு வைத்தல் என ஒன்றன்பின் ஒன்றாக வரும் தொழில்கள் சமையலறிந்தார் சொல்லும் முறைமையிலேயே அமைந்துள்ளன. கொழுக்கட்டையின் பின் கூழ். தமிழகத்திலே ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களிற் பலர் வார்க்கும் கேழ்வரகுக் கூழ் அன்று இது; மீன் இட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழும் அன்று. தேங்காய்ப் பாலிலே பனங்கட்டி கரைத்து, பயறும் மாவுருண்டையும் இட்டுக் காய்ச்சும் இனிய கூழ். படைத்த பின்னர்ப் பலாவிலையைக் கோலி அதிலே வாங்கிக் குடிப்பர். (இன்று பிளாத்திக்குக் கிண்ணத்திலே வாங்கிக் குடிப்போர் பலாவிலையின் மணத்தை எவ்வாறு அறிவர்?)

இவ்விடத்திலே இரண்டு செய்திகளைப் பழமை போற்றுவோர் காணாது விடுகின்றனர். உள்ளீட்டிற் சேரும் சர்க்கரை வேலூரிலிருந்து வந்தது எனப் பாட்டே கூறுகின்றது. எல்லாம் தன் மண்ணிலேயே விளைந்து தன்னிறைவு பெற்றிருந்த ஊர் என்று புகழ்வோர், கடல் கடந்து வந்த அச்சர்க்கரையை எங்கே வைப்பர்? மற்றையது, இடித்தலும் தெள்ளலும் வறுத்தலும் துழாவலும் யாருடைய கையால் நிகழ்ந்தன என்பது. பிள்ளைக்கு நாளை விடுதலை. அன்னைக்கு அன்றுதான் வேலை மிகுதி. உலக்கை பிடித்த கையின் நோவைப் பிள்ளை அறியாது. அறியாமை பிள்ளைக்கு அழகு. பாட்டைச் சான்றாக வைத்து அக்காலத்தைப் பொற்காலம் என்று எழுதும் வளர்ந்தோர்க்கு அவ்வழகு உரித்தன்று. ஆலைகள் வந்து உரலை ஓய்வித்தமையை இழப்பு என்று எழுதினோர் உலக்கை பிடித்தவர் அல்லர்.

எனினும் வாசகரின் ஏக்கம் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் ஒருங்கே ஊர்விட்டுப் பெயர்ந்தனர். அதற்கு முன்னும் பின்னும் கடல் கடந்தோர் பலர். பலாமரம் இல்லாத நாடுகளிலே இப்பாட்டைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போர், அதன் எதிர்கால வினைகளை இறந்த காலமாகவே கேட்கின்றனர். அவ்வேக்கம் அவர்கள் பட்ட துயரின் விளைவு; புலவர் பாட்டில் வைத்தது அன்று. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாமையாலேயே மேற்காட்டிய மதிப்பீடு எழுந்தது.

வகுப்பிலே இதனைக் கேட்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வழக்கு ஒன்றும் தெரியாது. நாளை விடுதலை என்ற சொல் காதில் விழுந்தவுடனே அது கைகொட்டுகின்றது. பாட்டிலோ அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை.