கருவியும் களமும்: வன்னியின் சுகாதாரத்திற் செயற்கை நுண்ணறிவு

எக்கருவியும் தான் உருவான சூழலைச் சுமந்தே வருகின்றது. வைத்தியர் பற்றாக்குறைக்குச் செயற்கை நுண்ணறிவே தீர்வு என இன்று முன்வைக்கப்படும் கருத்தை வன்னியின் நிலையில் மதிப்பிடுவோர் இதனை மறத்தலாகாது.

அக்கருத்துக்குச் சான்று தமிழ்நாட்டுடன் தொடர்புடையது. நீரிழிவினால் விழித்திரைக்கு ஏற்படும் பாதிப்பைக் கண்டறியும் கூகிள் நிறுவனத்தின் முறை 128,175 படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டு, அதன் முடிவுகள் 2016 இல் வெளியாயின. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் அவற்றுள் அடங்கும். தேர்ந்த கண் வைத்தியருக்கு நிகராக அது படங்களைக் கணித்தது.

ஆயின் ஆய்வில் வென்றது களத்தில் இடர்ப்பட்டது. தாய்லாந்துச் சிகிச்சை நிலையங்களில் அம்முறை பயன்பட்டவாற்றை ஆராய்ந்து 2020 இல் வெளியான ஆய்வின்படி, முதல் ஆறு மாதங்களிற் பெறப்பட்ட 1,838 படங்களுள் 21 சதவீதமானவை தரம் போதாதென ஒதுக்கப்பட்டன. அறையின் ஒளிக்குறைவும் இணையத்தின் வேகக்குறைவும் தடைகளாயின. படம் ஒதுக்கப்பட்டவர் இன்னொரு நாளில் இன்னோரிடத்து நிபுணரிடம் செல்ல வேண்டியதாயிற்று. முல்லைத்தீவின் உட்கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கு அத்தகைய பயணம் ஒரு நாட் கூலியின் இழப்பாகும்.

வன்னிக்கு மேலுமொரு சிக்கல் உண்டு. இக்கருவிகள் கடந்தகாலப் பதிவுகளிலிருந்தே கற்கின்றன. 2009 இல் இறுதி யுத்தத்திலிருந்து மீண்டு வவுனியா முகாம்களை அடைந்த இலட்சக்கணக்கானோரின் மருத்துவப் பதிவுகள் தொடர்ச்சியாக இருந்திருத்தல் அரிது. வவுனியாவிலும் காணப்படும், காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயை விளங்கிக்கொள்ள, ஒருவர் எக்கிணற்று நீரைப் பருகினார், எவ்வயலில் உழைத்தார் என்பனவெல்லாம் வேண்டும். பதிவில் இல்லாததைக் கருவி இல்லாததாகவே கொள்ளும்.

இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. ஒருகாலத்தில் மலேரியா மலிந்திருந்த வன்னியும் இவ்வெற்றியிற் பங்குடையது. காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியிற் பார்த்து, நோய் கண்டவிடத்தைத் தேடிச்சென்ற சுகாதார ஊழியரின் உழைப்பு அதற்கு அடிப்படையாயிற்று.

இதனாற் புதிய கருவியை நிராகரித்தல் வேண்டும் என்பது பெறப்படாது. நுணுக்குக்காட்டியும் ஒருகாலத்திற் புதியதே. தேடிச்செல்லும் ஊழியரின் கையில் அது பயன்பட்டது. செயற்கை நுண்ணறிவும் அவ்வாறே அமைதல் வேண்டும். ஊழியர் நியமனமும் ஒழுங்கான பதிவும் முந்த, கருவி பிந்தி வருதலே முறை. கணிப்பின் சதவீதம் ஆய்வாளருக்கு அளவுகோலாகலாம். நோயாளியின் ஒரு நடையையேனும் குறைத்ததா என்பதே வன்னிக்குரிய அளவுகோல்.