முந்தின நாள்

மாசிமகத்துக்கு முந்தின நாள் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் பதினொரு படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்றை நல்ல படம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதுதான் பொய்யான படம் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

மாசிமகத்தன்று இங்கே நடப்பது ஊரறிந்தது. மயிலத்து முருகன், தீவனூர்ப் பிள்ளையார், இன்னும் பல ஊர்ச் சாமிகள் இந்த மீனவர் குப்பத்துக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. மறுநாள் பத்திரிகைகளில் வரும் படமும் ஊரறிந்ததுதான்: குடை, சாமி, தலைகள், பின்னால் கடல். ஒரு வருஷத்துப் படத்தை இன்னொரு வருஷம் போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் படங்கள் எதையும் பார்ப்பதில்லை, தெரிந்ததை உறுதிசெய்கின்றன.

1950 ஏப்ரலில் இதே ஊருக்கு வந்து அரவிந்தரைப் படம் எடுத்தவர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். 1952இல் வந்த அவருடைய நூலின் ஆங்கிலத் தலைப்பு வழியாகத் ‘தீர்மானமான கணம்’ என்ற சொல் பரவியது. அவரிடம் அது வடிவமும் பொருளும் கூடிவரும் கணம். நம்மிடம் கூட்டம் அதிகமாக இருக்கும் கணம் என்று சுருங்கிவிட்டது.

இதை மறுக்கத்தான் முந்தின நாளைத் தேர்ந்தேன். மனதில் அட்ஜே இருந்தார். 1927இல் இறந்த இவர், கனமான பெட்டிக் காமிராவும் கண்ணாடித் தகடுகளுமாக அலைந்து பாரிஸ் தெருக்களை ஆளரவமின்றி எடுத்தவர். அவை குற்றம் நடந்த இடங்களைப் போலிருக்கின்றன என்ற கூற்றை வால்டர் பெஞ்சமின் 1931இல் ஒப்புக்கொண்டு எழுதினார். ஆளில்லாத இடம் கேள்வி கேட்கும் என்று நானும் நம்பினேன்.

மணலில் சவுக்குக் கழிகள் நட்டிருந்தார்கள். பந்தல் பாதி எழும்பியிருந்தது. ஓரமாக ஒதுக்கிய படகுகள், குவித்த வலைகள். சட்டத்துக்குள் நான்கு பேர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் காத்திருப்பதைக் கவனித்து மூத்தவர் கேட்டார்: “நாங்க தள்ளிக்கணுமா சார்?” தலையசைத்தேன். தள்ளிக்கொண்டார்கள். கழிகள், வானம், கடல். அபாரமான அமைதி.

அந்த அமைதி அங்கே இல்லை. கடப்பாறைச் சத்தமும் பேச்சும் இருந்தன. அமைதி நான் செய்தது. 1838இல் தாகேர் எடுத்த பாரிஸ் சாலைப் படத்தில் நடமாடியவர்கள் யாரும் பதியவில்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் தெரிகிறார். அன்று ஆட்களை அழித்தது கருவியின் இயலாமை. என் காமிராவுக்கு ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு போதும். இங்கே அழித்தது என் ரசனை.

திருவிழாப் படம் உழைத்தவனைக் கூட்டத்தில் கரைக்கிறது. என் படம் அவனை வெளியே அனுப்பிவிட்டு அவன் வேலையை அழகு என்கிறது. இரண்டாவது இன்னும் மோசம். ஏனெனில் அதற்குக் கலை என்ற பெயர் கிடைக்கிறது.

அவர்கள் வேலைக்குத் திரும்பியபின் அவசரத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பந்தல் கோணல். ஒரு தோள் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. பல்லில் கடித்த கயிறு மட்டும் துல்லியம். நண்பர்கள் அதைப் புரட்டிப் போய்விட்டார்கள். நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.