வேசரம்: ஒரு கலைச்சொல்லும் அதன் மொழிபெயர்ப்பும்

பெங்களூரில், டொம்லூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் ஒய்சள மன்னன் இராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயரும் இருந்ததைக் கல்வெட்டு வழியே அறிகிறோம். கோயிலோ எளிய கருங்கற் கட்டடம். பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய இடங்களின் விண்மீன் வடிவத் தளமோ மாக்கல் நுண்சிற்பமோ இங்கு இல்லை. எனவே ‘ஒய்சளர் காலக் கோயில்’ வேறு, ‘ஒய்சளர் பாணிக் கோயில்’ வேறு. தமிழ் மொழிபெயர்ப்புகள் பல இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

இக்குழப்பத்தைத் தவிர்க்க எண்ணுவோர் ‘வேசரம்’ என்ற சொல்லை நாடுகின்றனர். அதனால் குழப்பம் மிகுகிறதேயன்றிக் குறையவில்லை. தென்னாட்டுச் சிற்ப நூல் வழக்கில் சதுரம் நாகரம், எண்பட்டை திராவிடம், வட்டம் வேசரம். கழுத்து, சிகரம் ஆகியவற்றின் வடிவமே இங்கு அளவுகோல். நார்த்தாமலை விசயாலய சோழீச்சரத்தின் உருண்ட சிகரம் இவ்வகையில் வேசரமாகும். கருநாடகக் கோயில்களைப் பற்றிய ஆங்கில நூல்களிலோ அச்சொல் நாகரமும் திராவிடமும் கலந்த பாணியைச் சுட்டுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், நார்த்தாமலையும் பேலூரும் ஓரினம் என்றே வாசகர் கொள்வர். பேலூரில் கருவறைக்கு மேலிருந்த கட்டுமானமே இன்று இல்லை என்பதால், தமிழ் அளவுகோலை அங்குப் பொருத்திப் பார்க்கவும் வழியில்லை.

‘கலப்புப் பாணி’ எனப் பொருள்படப் பெயர்ப்பது இதனினும் பெருந்தீங்கு. வடமொழியில் வேசரம் கோவேறு கழுதையையும் குறிக்கும். கலப்புக் கொள்கைக்கு அப்பொருளே துணையாகக் காட்டப்படுகிறது. ஆனால் ஹொளல் கல்வெட்டு நாகரம், காளிங்கம், திராவிடம், வேசரம் என நான்கையும் ஒருநிரையாக வைக்கிறது. அங்கு வேசரம் தனிவகை. பெர்குசன் 1876இல் ‘சாளுக்கிய பாணி’ என்றார். ஆடம் ஹார்டி 1995இல் வெளியிட்ட நூலில் ‘கர்நாட திராவிடம்’ என்ற பெயரைக் கையாண்டு, இக்கோயில்கள் திராவிட மரபின் உள்ளிருந்தே படிப்படியாக வளர்ந்தவை எனக் காட்டினார். ‘கலப்பு’ என்று மொழிபெயர்ப்பவர் இவ்வழக்கில் தம்மை அறியாமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

‘சிகரம்’ என்பதும் இத்தகையதே. ஆங்கில நூல்களில் அது கருவறைக்கு மேலுள்ள கட்டுமானம் முழுவதையும் குறிக்கும். தமிழில் கழுத்துக்கு மேல், தூபிக்குக் கீழ் அமைந்த உறுப்பை மட்டும் குறிக்கும். சோமநாதபுரத்தில் ‘மூன்று சிகரங்கள்’ என எழுதினால் தமிழ்ச் சிற்பி முடியுறுப்புகளை எண்ணுவார். ‘மூன்று விமானங்கள்’ என்பதே பொருந்தும்.

2023இல் ஒய்சளக் கோயில்கள் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அவை பற்றிய தமிழ் எழுத்தும் பெருகி வருகிறது. பாணியைச் சொல்லுமிடத்துக் ‘கர்நாட திராவிடம்’ என எழுதலாம். மூலநூல் வேசரம் என்றே கூறுமாயின் அச்சொல்லை மேற்கோட்குறிக்குள் நிறுத்தி, எப்பொருளில் வந்தது என்பதை அடிக்குறிப்பில் தருதல் வேண்டும். கலைச்சொல் அகராதிகளும் இரு பொருளையும் தனித்தனி எண்ணிட்டுப் பதிதல் வேண்டும்.