ஐம்பதுக்கு ஐம்பது

அம்பகரத்தூரில் விடியற்காலை வண்டிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். பால்காரரின் டிவிஎஸ் எக்ஸ்எல் தும்மிக்கொண்டே போகும். பேரளம் பக்கம் போகும் பஸ் திருப்பத்தில் பெருமூச்சு விடும். இவற்றுக்கு நடுவே காளியம்மன் கோயில் பக்கமிருந்து ஒரு ஆர்எக்ஸ் 100 பைக் கிளம்பும். முதல் உதைக்கு ஒரு முனகல், இரண்டாம் உதைக்கு ஒரு செருமல், பிறகு வெண்கலக் கிண்ணத்தை விரலால் சுண்டியதுபோல் ‘டிங் டிங் டிங்’ என்று நிதானமான தாளம். ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் முறுக்கினால் தனித்தனியாக விழுந்த துளிகள் ஒரே கம்பியாக நீளும். அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. நாதஸ்வரத்துக்குச் சிலிர்க்காத ஆளா என்று கேட்காதீர்கள், அதற்கும் சிலிர்க்கும்.

வண்டி என் அக்கா வீட்டுக்காரருடையது. பிஒய் 02 என்று காரைக்கால் எண். இப்போது அக்கா மகன் கையில் இருக்கிறது. போன மாதம் என்னிடம் வந்தான்.

“மாமா, ரெண்டுல ஒண்ணு. சிலிண்டர்ல போர்ட் அடிச்சு, எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டிடுறேன். இல்லன்னா இதக் குடுத்துட்டு ஆர்15 எடுத்துடுறேன்.”

ஸ்போர்ட்ஸ் காரைக் காலண்டர் படத்தில் மட்டும் பார்த்த தலைமுறை எங்களுடையது. எங்களுக்கு இந்த ஆர்எக்ஸ்தான் ஸ்போர்ட்ஸ் கார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கணக்கு போட்டுப் பாருங்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், ஏறத்தாழ 100 கிலோ எடை. இதே விகிதத்தை 1000 கிலோ காருக்குக் கொடுத்தால் 110 குதிரை வேண்டும். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இதை வெளியிட்ட 1985-இல் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடரும் பியட்டும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அதே வருஷம்தான் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. சிக்கனம் தெரிந்த அப்பாக்கள் அதை வாங்கினார்கள். மகன்கள் இதைக் கேட்டு அடம்பிடித்தார்கள். ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டிய வண்டிகளுக்கு இன்றைக்கும் தனி மவுசு. இன்ஜினில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று பொறித்திருந்தால் விற்பவர் குரலே மாறிவிடும்.

திருநள்ளாறு சாலையில் ஒரு கொட்டகையில் மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார். எதைச் செய்வதானாலும் முதலில் உள்ளே பார்த்துவிடுவோம் என்று நான்தான் பையனை இழுத்துப்போனேன். பிஸ்டனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு சின்ன டம்ளர் அளவுதான். சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் அதே 50. அகலமும் உயரமும் ஒன்றாக இருக்கும் இந்தச் சதுரக் கணக்கு எனக்கு எப்போதும் பிடிக்கும். ரெவ்வுக்கும் இழுவைக்கும் சரிபாதி பாகம் பிரித்துக் கொடுத்த மாதிரி.

சிலிண்டர் சுவரில் வெட்டியிருக்கும் வாசல்களைத்தான் போர்ட் என்கிறார்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைப் போல் ஹெட்டில் வால்வு கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போய்க் கதவைத் திறந்து மூடுகிறது. புதுக் கலவை ஒரு வாசலில் நுழையும்போதே எரிந்த புகை இன்னொன்றில் வெளியேறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, சாப்பிட்டவர் எழுமுன்பே அடுத்தவர் வந்து நிற்கிறார். கொஞ்சம் அசந்தால் சாப்பிடாத ஆளும் சேர்ந்து வெளியே போய்விடுவார்.

சைலன்சருக்குப் பதில் மாட்டும் எக்ஸ்பான்ஷன் சேம்பரின் அழகு இங்கேதான் இருக்கிறது. நடுவில் வயிறு பெருத்து இரு பக்கமும் ஒடுங்கிய அந்தக் குழாய்க்குள் போகும் அழுத்த அலை, குறுகும் இடத்தில் மோதித் திரும்பி வரும். சரியான நொடியில் வந்தால், தப்பி ஓடிய புதுக் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் தகரத்தை வளைத்தே செய்த வேலை. ஆனால் அலை சரியான நேரத்துக்கு வந்து சேர்வது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்தான். வாசலை மேலே உயர்த்தி வெட்டினாலும் அதே கதை. மேலே சுற்றும்போது பலம் கூடும், கீழே குறையும்.

“மேல ஏத்துனா கீழ எறங்கும் தம்பி. நீ எங்க ஓட்டப் போற?” என்றார் மெக்கானிக்.

அவன் ஓட்டப்போவது இங்கேதான். தை மாதத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் ஆடு படுத்திருக்கும். சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றுக்கு வரும் கார்கள் வேறு. இரண்டாம் கியரில் ஊர்ந்து, ஆட்டைக் கடந்ததும் சட்டென்று எழும்புகிற அந்தக் குணம்தான் இந்தச் சாலைக்குத் தோது. அதை விற்று மேல்வேகத்தை வாங்கி என்ன செய்வது? பிரேக் பழைய டிரம்தான். சைலன்சரை மாற்றி ஊரை அலறவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது, அதைவிட வேகமாக அக்காவின் வாய் இருக்கிறது.

ஆர்15-ஐக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. 155 சிசியில் 18 குதிரைக்கு மேல், தண்ணீரில் குளிரும் இன்ஜின், முன்னும் பின்னும் டிஸ்க், ஏபிஎஸ். நிமிடத்துக்கு 7400 சுற்று வாக்கில் வால்வுகளின் போக்கே மாறும். அந்த மாற்றம் கைக்குத் தெரியாமல் நடப்பது அதன் நாகரிகம். பையன் ஓட்டிப் பார்த்து வந்தான். “பட்டு மாதிரி இருக்கு மாமா” என்றான். உண்மை. ஆனால் பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் ஷோரூம்காரர் எழுதிக் கொடுத்த தொகையைப் பார்த்தபோது, வீணையை விறகுக் கணக்கில் எடைபோட்ட மாதிரி இருந்தது.

கழற்றியது கழற்றியபடி கிடக்க, மெக்கானிக் மூன்றாவது வழியைத் தொடங்கிவிட்டார். லேத்தில் சிலிண்டரை ரீபோர் செய்து 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார். கிராங்க் ஆயில் சீல் இரண்டும் விறைத்துப்போயிருந்தன. காற்று கசிந்து கலவை மெலிந்ததால்தான் வண்டி சோர்ந்திருக்கிறது. மெல்லிய இதழ் போன்ற ரீட் வால்வை வெளிச்சத்தில் பிடித்து, இடுக்கு தெரிகிறதா என்று பார்த்தார். சைலன்சரின் உள்குழாயை உருவி வைக்கோல் தீயில் போட்டார். வருஷக்கணக்கில் படிந்த கரி நீல ஜுவாலையாக எரிந்தது. கடல்காற்று தின்ற குரோமை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தத் துருவுக்கும் வயசு மரியாதை உண்டு.

இதில் எதுவும் முன்னேற்றம் இல்லை. 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டியை அது வந்த நாளுக்குக் கொண்டுபோவதுதான். ஆனால் பையன் பிறந்ததிலிருந்து கேட்டது தளர்ந்துபோன ஆர்எக்ஸை மட்டுமே. நிஜ வண்டியை அவன் ஓட்டியதே இல்லை.

ரன்னிங்-இன் முடிந்த ஒரு காலையில் பேரளம் வரை போய்வந்தான். அம்பகரத்தூர் தாண்டினால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும், வயல் மட்டும் அப்படியே தொடரும். எல்லை கடந்தும் சத்தம் வெகுதூரம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் கியரில் அந்த ‘டிங் டிங்’ உருகிக் கம்பியானதை இங்கிருந்தே கேட்டேன்.

திரும்பி வந்ததும் மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. முனை, பதமாக வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. பையனிடம் நீட்டினார். சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றிக்கொண்டே, கீழே போடாமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.